சிறு டப்பிக்கு வாய்ப்பூட்டு

நாகர்கோவில் வடசேரியில் மாலை வேளையில் ஒரு பேன்ஸிக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்று பார்ப்பவருக்கு ஒரு விஷயம் விளங்கும். பெரிய புட்டியாக வாங்குவோர் சிலர். கடை முகப்பில் சரமாகத் தொங்கும் பொட்டலங்களில் ஒன்றைக் கிழித்துத் தருமாறு கேட்போர் பலர். முந்திரி ஆலையில் வேலை முடித்து ஊருக்குப் பஸ் ஏற வரும் பெண்ணும், கல்லூரி மாணவியும், பேத்திக்குக் கண்மை வாங்க வரும் பாட்டியும் தங்கள் கையிருப்புக்கு ஏற்றபடி சிறு டப்பியையே கேட்கிறார்கள். பெரிய புட்டியின் முதுகிலே, அதில் கலந்துள்ள பொருள்களின் ஜாபிதா அச்சிடப்பட்டிருக்கிறது. சிறு டப்பிகள் பலவற்றில் அந்த ஜாபிதா இல்லை. இது கடைக்காரர் செய்த குற்றமன்று. தயாரிப்பாளர் சட்டத்தை மீறினார் என்றும் சொல்வதற்கில்லை. சட்டமே வலிய அளித்திருக்கும் விலக்கு இது.

அந்த விலக்கு நியாயமா என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி. அது நியாயமன்று என்பதும், அதனால் தீங்கடைகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்களே என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

முதலில் சட்டத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். 1940-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்ட மருந்துச் சட்டத்தில் அலங்காரப் பொருள்களைப் பற்றிய பேச்சே கிடையாது. 1962-இல் பார்லிமெண்ட் செய்த திருத்தத்தினால்தான் அவை அச்சட்டத்தின் கீழ் வந்தன. சட்டத்தின் பெயரும் மருந்து, அலங்காரப் பொருள் சட்டம் என்று மாறிற்று. அப்பொழுதும் சோப்புக்கு விலக்கு இருந்தது. 1982-ஆம் வருஷத்துத் திருத்தம் அதனை நீக்கிற்று. 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளுக்குள்ளேயே வெகு காலம் அடங்கிக் கிடந்த அலங்காரப் பொருள் விதிகள், 2020 டிசம்பரில் தனி விதிகளாக வெளிவந்தன. தயாரிப்பாளரின் பெயர், தயாரித்த இடம், லைசென்ஸ் நம்பர், தொகுதி நம்பர், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற விவரம் ஆகியவை லேபிலில் இருத்தல் வேண்டும். கலந்துள்ள பொருள்களையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உள்ளவற்றை, மிகுதியானது முதலிலும் குறைவானது பின்னரும் வருமாறு எழுத வேண்டும். ஒரு பங்கும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை அதன் பின் எந்த வரிசையிலும் எழுதலாம்.

இவ்வளவும் நல்ல ஏற்பாடே. ஆனால், ஒரு விதியின் உயிர் அதன் பிரதான வாசகத்தில் இருக்கிறதா, அதன் வாலில் ஒட்டியிருக்கும் விலக்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது வக்கீல் தொழில் பழகிய எவருக்கும் தெரியும். இந்த விதியின் வாலில் ஒட்டியிருப்பது யாது? 60 மில்லி லிட்டருக்குக் குறைந்த திரவப் பொருளுக்கும், 30 கிராமுக்குக் குறைந்த கட்டிப் பொருளுக்கும் குழம்புப் பொருளுக்கும் இந்த ஜாபிதா வேண்டுவதில்லை என்பதாகும். 1945-ஆம் வருஷத்து விதிகளில் ஏறியிருந்த இந்த விலக்கைப் புதிய விதிகளை எழுதியவர்கள் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இந்த அளவுக்குள் அகப்படுபவை எவை என்று எண்ணிப் பாருங்கள். உதட்டுச் சாயம் சில கிராம். கண்மை அதற்கும் குறைவு. முகத்துக்குப் பூசும் க்ரீமின் சிறு குழல் 30 கிராமை எட்டுவதில்லை. தலைச்சாயப் பொட்டலமும், ஒரு வேளை ஷாம்பு உறையும் அப்படியே. கண்ணருகிலும் உதட்டிலும் படுகிற பொருள்கள், அதாவது உடலுக்குள் மிக எளிதில் செல்லக்கூடியவை, இயல்பாகவே சிறு அளவில்தான் விற்கப்படுகின்றன. மற்றப் பொருள்களோ, ஏழைகளின் பொருட்டுச் சிறு அளவில் விற்கப்படுகின்றன. ஆகவே விலக்கு என்று பெயர் பெற்றது நடைமுறையில் பொது விதியாகிவிட்டது. பொது விதியோ, பெரிய புட்டி வாங்கச் சக்தியுள்ளவர்களுக்குக் கிடைத்த தனிச் சலுகையாக நிற்கிறது.

சிறு பொட்டலத்தை நாம் இகழவில்லை. அது தமிழ்நாட்டின் குழந்தை. ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் வியாபாரத்துக்கு வழிகாட்டியவர் கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் என்று இந்திய வர்த்தக உலகம் போற்றுகிறது. அவருடைய புதல்வர் ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு அந்த முறையைக் கிராமந்தோறும் கொண்டு சென்றது. சீமான் வீட்டுக்கு மட்டும் உரியதாயிருந்த ஒரு பொருளைக் கூலிக்காரர் கையிலும் எட்ட வைத்த அந்தக் காரியம் பாராட்டத்தக்கது. பொருள் ஏழையின் கைக்கு எட்டியது. பொருளைப் பற்றிய விவரமும் எட்டவேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

"ஜாபிதா இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? அபாயமான பொருள் இருந்தால் அதன் பெயரையும் அளவையும் சொல்ல வேண்டும் என்று வேறு விதி இருக்கிறதே" என்று சிலர் கூறுவர். உண்மை, அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆனால் எது அபாயம் என்று முதலில் தீர்மானிப்பவர், அப்பொருளை விற்று லாபம் பெறும் தயாரிப்பாளரே அல்லவா? தவிரவும், நூறு பேருக்கு ஒன்றும் செய்யாத பொருள் நூற்றோராவது பெண்ணின் தோலைப் புண்ணாக்கிவிடும். ஒட்டுப் பொட்டின் பசையில் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற ரஸாயனம் சில பெண்களின் நெற்றியில் வெண்புள்ளியை உண்டாக்குகிறது என்பதை நம் நாட்டுத் தோல் வைத்தியர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயர் தெரிந்த பிறகே காரணம் தெரிந்தது. தனக்கு ஒவ்வாத பொருள் இன்னது என்று வைத்தியர் ஒரு பெண்ணுக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும், கடையில் அந்தப் பெயரை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? டப்பி பேசவில்லையே!

அபாயம் கற்பனையன்று என்பதற்கு நமது எல்லைக்கு அப்பால் நடந்ததையே சான்றாகக் கூறுவோம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக வைத்தியர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒரு வகை நோயாளிகளை ஆராய்ந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதுற்று, உடலின் புரதம் சிறுநீரோடு வெளியேறும் நோய் அது. அத்தகைய 22 பேரில் 15 பேருக்கு, சாதாரணமாக அரிதாகக் காணப்படும் ஒரு தனி வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் க்ரீமை உபயோகித்தவர்கள். அதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். இந்த விவரங்கள் சிறுநீரக வைத்தியத்துக்குரிய சர்வதேசப் பத்திரிகையில் வெளியாயின.

குற்றவாளி பாதரசம். பாதரச உப்புத் தோலில் சேர்ந்தால், தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் உற்பத்தியைத் தடுக்கிறது. ஆகவே முகம் சில வாரங்களில் வெளுத்தாற்போல் தோன்றும். தோல் வழியே புகுந்த பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. கண்ணுக்குரிய பொருள்கள் நீங்கலாக மற்ற அலங்காரப் பொருள்களில், தற்செயலாகக் கலந்திருக்கும் பாதரசங்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது நமது விதி. டில்லியிலுள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் 2014-இல் 32 வெளுப்பு க்ரீம்களைப் பரிசோதித்தபோது 14-இல் பாதரசம் இருந்தது. கேரளத்து மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2023 முதல் "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் கடைகளைச் சோதித்து வருகிறது. சில மாதிரிகளில் பாதரசம் அனுமதித்த அளவைப் போல் 12,000 மடங்கு இருந்ததாக அம்மாநில சுகாதார மந்திரி வீணா ஜார்ஜ் 2025-இல் அறிவித்தார். அதாவது, நூறு பங்குப் பூச்சில் ஒரு பங்குக்கும் அதிகம் பாதரசமே!

மலப்புரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. ஆட்சி எல்லை மாறிற்றே தவிர வியாபார வழி மாறவில்லை. களியக்காவிளை வழியாகச் சரக்கு இரு பக்கமும் ஓடுகிறது. மலப்புரத்தைப் போலவே நமது மாவட்டத்திலும் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் இல்லாத ஊர் அரிது. அவர்கள் விடுமுறைக்கு வரும்பொழுது பெட்டியில் சோப்பும் க்ரீமும் வருகின்றன. 2013 ஏப்ரல் முதல் வெளிநாட்டு அலங்காரப் பொருளைப் பதிவு செய்யாமல் வியாபாரத்துக்கு இறக்குமதி செய்யக் கூடாது. அன்புப் பரிசாக வந்தது அண்டை வீட்டாருக்கு விற்பனையாகும்போது அந்தப் பதிவைக் கேட்பவர் யார்?

இங்கே ஒரு வலுவான ஆட்சேபத்தை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். "பாதரசம் கலக்கும் மோசக்காரன் தன் டப்பியில் பாதரசம் என்று எழுதிவைப்பானா? ஜாபிதா வேண்டும் என்று சட்டம் செய்வதனால் யோக்கியனுக்குத்தான் செலவு, அயோக்கியனுக்கு ஒன்றுமில்லை" என்பது அந்த ஆட்சேபம். மோசக்காரன் உண்மையை எழுதமாட்டான் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் முடிவு தவறு. இன்று சட்டப்படி செய்த சிறு டப்பியிலும் ஜாபிதா இல்லை. திருட்டுத்தனமாகச் செய்த சிறு டப்பியிலும் இல்லை. இரண்டும் ஒரே உடை உடுத்தி ஒரே கயிற்றில் தொங்குகின்றன. வாங்குகிற பெண்ணுக்கும், விற்கிற கடைக்காரருக்கும், சோதிக்க வரும் இன்ஸ்பெக்டருக்கும் பார்வையில் வேற்றுமை தெரிவதற்கு வழியில்லை. எல்லா டப்பிகளும் பேசவேண்டும் என்று விதித்துவிட்டால், பேசாத டப்பி அப்பொழுதே குற்றவாளியாய் நிற்கும். ரஸாயனப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பொய் பேசும் டப்பியோ, பொய் லேபில் ஒட்டிய குற்றத்துக்கும் ஆளாகும். விலக்கினால் வரும் பெருந்தீங்கு இதுவே: யோக்கியனின் மௌனத்துக்குள் அயோக்கியன் ஒளிந்துகொள்கிறான்.

இதனினும் கூர்ந்து கவனிக்க வேண்டியது பாஷை விஷயம். தலைச்சாயத்தைப் பற்றி நமது விதிகளில் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. அது தோலை உறுத்தக்கூடும், முதலில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும், புருவத்திலும் இமையிலும் இட்டால் கண் பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர்ப் பாஷைகளிலும், உள் லேபிலிலும் வெளி லேபிலிலும் அச்சிட வேண்டும் என்பது அந்த விதி. இந்த எச்சரிக்கை நினைவூட்டும் ஒரு கதை உண்டு. 1933-இல் அமெரிக்காவில் இமைக்கு இடும் "லாஷ் லூர்" என்ற சாயத்தினால் பல பெண்கள் கண்ணிழந்தார்கள், ஒருவர் மாண்டார். அதில் இருந்தது பாரா பினிலீன் டையமீன் வகைச் சாயம். அதைத் தடுக்க அன்று அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. 1938-இல் அங்கே அலங்காரப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் புதுச் சட்டம் பிறப்பதற்கு அந்தப் பெண்களின் துயரமும் ஒரு காரணமாயிற்று. 

தலைச்சாயத்தின் அபாயத்தைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்ட சர்க்கார், முகப்பூச்சின் எச்சரிக்கையை மட்டும் ஏன் ஆங்கிலத்தோடு விட்டுவிட வேண்டும்? கட்டப்பட்ட சாமான்களைப் பற்றிய 2011-ஆம் வருஷத்து எடையளவு விதிகளைப் பாருங்கள். விலை, எடை முதலிய அறிவிப்புகள் தேவநாகரி எழுத்தில் ஹிந்தியிலாவது ஆங்கிலத்திலாவது இருக்க வேண்டுமாம். வேறு பாஷையையும் கூடச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம். தடையில்லை என்பது உரிமையாகாது. தமிழ்நாட்டில் தமிழருக்கு விற்கும் பொருளில் தமிழ் வேண்டுமானால் இருக்கலாம் என்று சொல்வது, வீட்டுக்காரன் திண்ணையில் உட்கார ஆட்சேபமில்லை என்று விருந்தாளி சொல்வதைப் போன்றதே.

இதில் நாம் வெறும் பாஷாபிமானத்தால் பேசவில்லை. ரஸாயனப் பெயர்கள் உலகெங்கும் வழங்கும் ஒரே பெயரில் இருப்பது நலம். வைத்தியர் எழுதிய பெயரும் டப்பியில் உள்ள பெயரும் எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். ஐரோப்பிய நாடுகளிலும் மூலப்பொருள்களின் பெயர் பொதுப் பெயராகவே இருக்கிறது. உபயோகம், எச்சரிக்கை முதலியவற்றுக்கோ அந்தந்த நாடு தன் பாஷையை விதித்திருக்கிறது. அதே பிரிவினையை நாமும் கேட்கிறோம். பெயர் பொதுவில் இருக்கட்டும். எப்படிப் பூசுவது, எங்கே படக்கூடாது, எப்பொழுது நிறுத்த வேண்டும், எந்தத் தேதிக்குப் பின் எறிந்துவிட வேண்டும் என்பவை தமிழில் இருக்கட்டும்.

சிறு டப்பியில் இடமில்லை என்று கம்பெனிகள் சொல்லலாம். மாத்திரைப் பட்டையின் முதுகிலே மருந்தின் பெயரும் அளவும் அச்சிட இடமிருக்கிறது. ஷாம்பு உறையில் சினிமா நடிகையின் முகத்துக்கு இடமிருக்கிறது. உண்மையாகவே இடமில்லாவிட்டாலும் வழியில்லாமற் போகவில்லை. ஐரோப்பிய விதிகளின்படி, கூடவே இணைத்த துண்டுச் சீட்டிலோ, தொங்கவிட்ட அட்டையிலோ விவரத்தைத் தரலாம். மிகச் சிறியவற்றுக்கு, விற்கும் இடத்தருகே அறிவிப்பு வைக்கலாம். நமது கடைகளில் பொட்டலங்கள் சரமாகவும் அட்டையிலும் தொங்குகின்றன. அந்த அட்டையிலே ஜாபிதாவை அச்சிடுவது பெரிய செலவாகாது.

சிறு தொழில் நசிந்துவிடும் என்பாரும் உளர். வீட்டிலே குங்குமமும் சோப்பும் செய்து பிழைக்கும் பெண்கள் சங்கங்கள் நமது மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றின்பால் நமக்கு மிகுந்த அக்கறை உண்டு. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டு முறைப்படி குங்குமம் செய்கிறவருக்கு ஜாபிதாவினால் நஷ்டம் என்ன? அதைவிடச் சிறந்த விளம்பரம் அவருக்கு வேறில்லை. பக்கத்திலே மலிவுச் சாயத்தைத் தூளோடு கலந்து அதே பெயரில் விற்பவர்தான் ஜாபிதாவைக் கண்டு அஞ்ச வேண்டும். கைத்தொழிலைக் காப்பதாகச் சொல்லிக் கலப்படத்தைக் காப்பது சுதேசியமாகாது.

ஆகவே, மத்திய சர்க்கார் செய்ய வேண்டியது இரண்டு. 60 மில்லி லிட்டர், 30 கிராம் என்ற விலக்கை நீக்கி, இடமில்லாதவற்றுக்கு அட்டை அல்லது துண்டுச் சீட்டு முறையை ஏற்படுத்த வேண்டும். தலைச்சாயத்துக்கு விதித்த உள்ளூர்ப் பாஷை எச்சரிக்கையை எல்லா அலங்காரப் பொருள்களுக்கும் விரிவாக்க வேண்டும். இதற்குப் பார்லிமெண்டில் மசோதா வேண்டாம். விதித் திருத்தமே போதும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. பாதரசம் சேர்த்த அலங்காரப் பொருள்களை, ஒரு பங்கு என்ற அளவுக் கணக்கும் இன்றி, 2025-ஓடு அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 2023-இல் ஜினீவாவில் கூடிய அந்நாடுகள் முடிவு செய்தன. உலகத்தின் முன் ஒப்புக்கொண்டதை வடசேரிக் கடையில் நிறைவேற்ற வேண்டாமா?

நமது மாநிலத்து மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, கேரளத்தில் நடந்ததைப் போன்ற தொடர்ச்சியான சோதனையை எல்லைப்புற மாவட்டங்களிலேனும் நடத்த வேண்டும். அலங்காரப் பொருளைச் செய்வதற்கு லைசென்ஸ் தேவை, விற்பதற்குத் தேவையில்லை. ஆதலால் கடைகள் தாமாக இலாகாவின் கண்ணில் படுவதில்லை. இலாகாதான் கடைகளைத் தேடிச் செல்ல வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மற்ற மருத்துவமனைகளிலும், காலும் முகமும் வீங்கி வரும் இளம் பெண்களிடம், "முகத்துக்கு என்ன பூசுகிறாய், அம்மா?" என்ற ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பது நலம். கோட்டக்கல்லில் நோயைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கேள்வியே.

பொதுஜனங்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மருந்து, அலங்காரப் பொருள் சட்டத்தின் 26-ஆவது பிரிவு எந்தப் பிரஜைக்கும் ஓர் உரிமை அளித்திருக்கிறது. தாம் விலை கொடுத்து வாங்கிய பொருளை, உரிய கட்டணம் செலுத்தி, சர்க்கார் பரிசோதகருக்கு அனுப்பி, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கங்களும் அவ்வாறு செய்யலாம். நமது மாவட்டத்துச் சங்கங்கள் மாதத்துக்கு ஒரு க்ரீமை அனுப்பினாலும், ஒரு வருஷத்தில் பன்னிரண்டு உண்மைகள் வெளிவரும். வாங்கும் பொழுது பில் கேளுங்கள். தயாரிப்பாளரின் பெயரும் ஊரும் லைசென்ஸ் நம்பரும் எவ்வளவு சிறிய டப்பியிலும் இருக்க வேண்டியவை, இல்லாவிட்டால் தொடாதீர்கள். காலோமெல், மெர்க்யூரஸ் குளோரைட், அம்மோனியேடட் மெர்க்குரி என்பவை பாதரசத்தின் மாற்றுப் பெயர்கள். "தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது" என்று ஒரு முகப்பூச்சில் எழுதியிருந்தால், அதுவும் பாதரசத்தின் அடையாளமாகலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்திருக்கிறது. பொன்னுக்கும் பாதரசத்துக்கும் உள்ள உறவை, ஆலய நகைகளுக்குப் பெயர் பெற்ற வடசேரிப் பொற்கொல்லரிடம் கேட்டால் சொல்லுவார்கள். நகைக்கு ஆகாதது முகத்துக்கு ஆகுமா?

வெளுப்பே அழகு என்ற மயக்கத்தை ஒழிக்காமல் லேபிலை மட்டும் திருத்தி என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த மயக்கம் தொலைய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. பெயர் பெற்ற ஒரு க்ரீமே 2020-இல் வெளுப்பு என்று பொருள்படும் சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. கொஞ்சம் வெட்கம் பிறந்திருக்கிறது என்று கொள்வோம். ஆனால் மனம் மாறுவதற்குத் தலைமுறைகள் ஆகும். விதி மாறுவதற்கு ஒரு கெஜட் அறிவிப்புப் போதும். மனம் மாறும்வரை முகங்களும் சிறுநீரகங்களும் காத்திருக்கமாட்டா.

கூலிப் பணத்தில் சிறிது எடுத்துத் தன் முகத்துக்கு ஒரு டப்பி வாங்கும் பெண்ணின் ஆசை பெரியதன்று, குற்றமும் அன்று. தான் பூசிக்கொள்வது இன்னதென்று தெரிந்துகொள்ளும் உரிமை, அவள் வாங்கும் டப்பியின் கனத்தைப் பொறுத்து இருக்கலாகாது. சர்க்கார் இந்த வாய்ப்பூட்டை உடனே நீக்க வேண்டும்.